பங்காளிகளுக்கு வெளியே: கொங்கு நாவல்களில் தேடிக்கொண்ட உறவுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெயரைக் கேட்கும் முன்பே ஊரைக் கேட்பார்கள். ஊருக்கு அடுத்து, சுற்றி வளைத்தாவது, கூட்டத்தை, அதாவது குலப்பிரிவை, கேட்பார்கள். பதில் வந்ததும் கேட்டவர் மனதுக்குள் ஒரு கணக்கு முடிந்துவிடும். இவர் பங்காளியா, மாமன் மச்சான் முறையா, பெண் எடுக்கலாமா, எதிலும் சேராத அயலாரா என்பது அந்தக் கணக்கு. யார் யாருக்கு என்ன முறை, யார் வீட்டுச் சீருக்கு யார் முன்னே நிற்க வேண்டும், எந்தக் குலதெய்வக் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் ஒருவர் பிறக்கும் முன்பே தீர்ந்துபோன விஷயங்கள். நிலமும் அந்த வழியாகவே கைமாறுகிறது.

உறவு இப்படி முன்கூட்டியே வகுக்கப்பட்ட மண்ணில், இரத்தமும் சாதியும் தராத உறவை மனிதர்கள் எங்கே தேடிக்கொண்டார்கள்? கொங்கு நாவல் அதை எப்படி எழுதியிருக்கிறது? 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வெளியானதிலிருந்து இன்றுவரையான நாவல்களை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

உலக இலக்கியத்தில் இது பழைய பொருள். விக்தர் யூகோவின் ழான் வல்ழான், தனக்கு எந்த உறவுமில்லாத கொசெத்தை மகளாக வளர்க்கிறான். சுத்தானந்த பாரதியின் 'ஏழைபடும் பாடு' வழியாக அந்தக் கதையைத் தமிழ் வாசகர்கள் பல தலைமுறையாக அறிவார்கள். 1908இல் வெளிவந்த 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' என்ற கனடிய நாவலில் அனாதைச் சிறுமி ஒருத்தி வயதான அண்ணன் தங்கையின் வீட்டுக்கு வந்து அதைக் குடும்பமாக்கிவிடுகிறாள். அண்மைக் காலத்தில் ஆங்கிலத்தில் இதற்கென்றே தனி வாசகர் கூட்டம் உருவாகியிருக்கிறது. அந்த நாவல்கள் வாசகருக்குத் தரும் வாக்குறுதி ஒன்றுதான்: பிறந்த வீடு கைவிட்டாலும் தேடிக் கண்ட வீடு கைவிடாது.

கொங்கு நாவல் அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. இங்கே அயலார் ஒன்று கூடுவது பெரும்பாலும் வேலை செய்யும் இடத்தில். ஆடு மேய்க்கும் காடு, திரையரங்கு, பனியன் கம்பெனி, எஸ்டேட், சங்க அலுவலகம் ஆகியவையே அந்த இடங்கள். வயிற்றுப்பாடு முதலில் அவர்களைச் சேர்க்கிறது, பாசம் பின்னால் வருகிறது. அந்தப் பாசம் எத்தனை நாள் நிற்கும் என்பதை நிலமும் சாதியும் தீர்மானிக்கின்றன. நம் நாவலாசிரியர்களின் பலமும் பலவீனமும் இந்த ஒரு பார்வையில் அடங்கியிருக்கின்றன.

கதைப்பாட்டு விட்டுச்சென்ற அச்சு

நாவலுக்கு முன்பே இந்த மண்ணுக்கு ஒரு பெருங்கதை இருந்தது. உடுக்கையடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் சாமி கதை அது. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி ஆகியோரின் கதை. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்குக் கிராமம் ஒன்றில் தங்கி அதை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் அதைத் தமிழில் பதிப்பித்தார். மு. கருணாநிதி அதை நாவலாக்கினார்.

நம் கேள்விக்கு அந்தக் கதையில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, அங்கே பகை வெளியிலிருந்து தொடங்குவதில்லை, பங்காளிகளிடமிருந்தே தொடங்குகிறது. அண்ணன்மாரின் தந்தை குன்னுடையார் சிறுவயதில் பெற்றோரை இழந்து, சொந்தபந்தத்தால் விரட்டப்பட்டு, அயலார் வீட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவர். இரண்டாவது, அண்ணன்மாருக்கு உயிரைக் கொடுத்து நிற்பவன் சாதியில் தாழ்த்தப்பட்ட சாம்புகன். இரத்த உறவு கெடுத்ததை அயலானின் விசுவாசம் காப்பாற்றுகிறது. ஆனாலும் கதையின் கடைசிவரை சாம்புகன் ஏவலாளாகவே இருக்கிறான். அவன் தம்பியாக ஆவதில்லை.

பங்காளி பகைவனாவதும், அயலான் உயிருக்குயிரானவனாவதும், அப்படி ஆனபின்னும் அவனுக்குக் குறித்த இடம் மாறாமல் இருப்பதும் அந்தப் பாட்டிலேயே இருக்கின்றன. நாவல் பிறகு இந்த அச்சை எடுத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்த்தது.

வீட்டுக்குள் பகை, வெளியே வலை

'நாகம்மாள்' தமிழின் முதல் வட்டார நாவல்களில் ஒன்று என்று போற்றப்படுகிறது. கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் மகளோடு இருக்கிறாள். சோற்றுக்குக் குறைவில்லை, நிலத்தில் மட்டும் பங்கு இல்லை. அவள் பங்கு கேட்கத் துணியும்போது பின்னால் நிற்பவன் கெட்டியப்பன். அவனுக்குப் பின்னால் ஊர் மணியகாரர்.

இந்நாவலை நிலத்தகராற்றின் கதையாகவே படித்துப் பழகியிருக்கிறோம். தேடிக்கொண்ட உறவு என்ற கோணத்தில் படித்தால் இன்னொரு கதை தெரிகிறது. வீட்டில் பேச்சுக்கு மதிப்பில்லாத ஒரு பெண், தன் பேச்சைக் கேட்கும் மனிதர்களை வெளியே கண்டடைகிறாள். அவர்கள் தனக்காகவே நிற்பதாக நம்புகிறாள். அவர்களோ சின்னப்பன் மீதான தங்கள் பழைய கறுவத்தைத் தீர்க்க அவளைக் கருவியாக்குகிறார்கள். கதை சின்னப்பனின் கொலையில் முடிகிறது. நாகம்மாளின் கோரிக்கை நியாயமானது, அவள் நம்பிய கூட்டம் நியாயமானதாக இல்லை. ஆதரவற்றவருக்கு வெளியே கிடைக்கும் அணைப்பு வலையாகவும் இருக்கலாம் என்று கொங்கின் முதல் பெரிய நாவலே எச்சரித்துவிட்டது. இந்த வகைக் கதைகளில் உலகெங்கும் அரிதாகவே காணப்படும் எச்சரிக்கை இது.

எழுபதாண்டுகளுக்குப் பிறகு பெருமாள்முருகன் 'ஆளண்டாப் பட்சி'யில் (2012) அதே பாகப்பிரிவினையை எடுத்துக்கொண்டார். கடைசித் தம்பியான முத்துவுக்குப் பங்கு குறைகிறது. அண்ணனே அவன் மனைவி பெருமாவிடம் தவறாக நடக்க முயல்கிறான். அதன்பின் அந்த ஊரில் அவளால் இருக்க முடியாது. முத்து வண்டி பூட்டிக்கொண்டு புது நிலம் தேடிப் புறப்படுகிறான். உடன் வருபவன் பண்ணையாள் குப்பன்.

நாவலின் உயிர் அந்தப் பயணத்தில் இருக்கிறது. மண்ணைப் பார்த்ததும் குணம் சொல்லத் தெரிந்தவன் குப்பன், அறிமுகமற்ற ஊர்களில் முத்துவுக்கு ஆறுதலும் அறிவும் அவனே. சொந்த அண்ணன்கள் செய்யாததை அவன் செய்கிறான். ஆனால் எங்கே போனாலும் தண்ணீரும் சோறும் படுக்கையும் அவர்களைப் பிரிக்கின்றன. வாங்கப்படும் நிலம் முத்துவின் நிலம். சாம்புகனின் இடம் நவீன நாவலிலும் மாறவில்லை. அந்த மாறாமையைக் கதைப்பாட்டு பெருமையாகப் பாடியது, நாவலோ வாசகரைச் சங்கடப்படுத்தும் விதமாக எழுதுகிறது. இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜனனி கண்ணனின் ஆக்கத்தில் 2023ஆம் ஆண்டின் ஜேசிபி இலக்கியப் பரிசைப் பெற்றது.

மேய்ச்சல் காடும் சோடாக்கடையும்

கொங்கு நாவலில் தேடிக்கொண்ட குடும்பத்தின் மிக உயிர்ப்பான வடிவம் 'கூளமாதாரி' (2000). கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி ஆகியோர் கவுண்டர் பண்ணையங்களில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்ட சக்கிலியர் சாதிச் சிறுவர் சிறுமியர். பெற்றோர் இருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகளை வைத்து வளர்க்கும் நிலையில் அவர்கள் இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது இறங்கும்வரை ஆடுகளோடு காட்டில் இருக்கும் இந்தக் குழந்தைகளுக்கு அந்தக் காடே வீடு. ஒருவர் ஆட்டை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கிடைத்ததைப் பங்கிட்டுத் தின்கிறார்கள். ஒருவர் வாங்கிய அடியை மற்றவர்கள் அறிவார்கள். பெயர்களைப் பாருங்கள், பாதிப் பெயர்கள் உடற்குறைகள். அந்தப் பெயர்களாலேயே அவர்கள் ஒருவரை ஒருவர் பிரியமாக அழைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் பண்ணையக்காரரின் மகன் செல்வனும் வருகிறான். விளையாட்டில் அவன் நண்பன், ஏவும்போது எசமான். இரண்டுக்கும் இடையே ஒரு நொடிதான். குழந்தைகளுக்குச் சாதி தெரியாது என்ற இனிய பொய்யை இந்நாவல் சொல்ல மறுக்கிறது. தெரியும், தெரிந்தே விளையாடுகிறார்கள், தெரிந்தே ஒருநாள் விளையாட்டு முறிகிறது. நாவல் கிணற்றுக்குள் கோரமாக முடிகிறது. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இது 2005இல் கிரியாமா பரிசின் குறும்பட்டியலுக்குச் சென்றது.

'நிழல் முற்றம்' (1993) அதற்கு முன்பே எழுதப்பட்டது. சிறுநகரத் திரையரங்கு ஒன்றில் இடைவேளைக்கு இடைவேளை சோடா, முறுக்கு விற்கும் பையன்களின் கதை. பெருமாள்முருகனின் தந்தை திருச்செங்கோட்டில் திரையரங்கில் சோடாக்கடை நடத்தியவர் என்பதால் அந்த உலகத்தின் நாற்றமும் வெளிச்சமும் நாவலில் அப்படியே இருக்கின்றன. சத்திவேலும் அவன் கூட்டாளிகளும் திரையரங்கிலேயே தூங்குகிறார்கள். கஞ்சாவைப் பகிர்கிறார்கள். ஒருவனை ஒருவன் திட்டுகிறார்கள், திருடுகிறார்கள், அணைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் உடல்சார்ந்த நெருக்கமும் உண்டு. அதற்கு நாவல் பெயர் சூட்டவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை.

இந்த இரு நாவல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். காட்டில் கூட்டத்தைக் குலைப்பது சாதி. திரையரங்கில் குலைப்பது வறுமை. சிறுநகரம் சாதியைச் சற்று மங்கச் செய்கிறது. ஆனால் அங்கே யாரும் யாருக்கும் நாளைக்கு இருப்பார்கள் என்ற உறுதி இல்லை. வேலை போனால் நட்பும் போகிறது. காட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதற்குமான அடிமைத்தனமாவது ஒன்றாக இருக்கும் காலத்தை உறுதி செய்தது என்பது கொடுமையான முரண்.

திருப்பூர்: நண்பர்கள் குழாம்

1980களில் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி எழுந்தபோது கொங்குக் கிராமங்களின் உறவுக் கணக்கு முதன்முறையாகப் பெரிய அளவில் ஆட்டம் கண்டது. தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பள்ளி முடித்த பையன்கள் கைமடிக்கவும் செக்கிங் பார்க்கவும் போய், சில ஆண்டுகளில் பவர்டேபிளில் உட்கார்ந்தார்கள். திறமையும் துணிச்சலும் இருந்தவர்கள் சொந்தக் கம்பெனி போட்டார்கள். அப்பன் பாட்டன் நிலம் இல்லாதவனும் முதலாளியாகலாம் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய செய்தி.

எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' (2004) அந்தக் காலத்தின் நாவல். பள்ளியிறுதியோடு பிரியும் ஐந்து நண்பர்கள், அவர்களோடு வளர்ந்து வீங்கும் ஊர். இங்கே குடும்பம் பின்னால் நகர்ந்து நட்பு முன்னால் வருகிறது. வேலை வாங்கித் தருவது நண்பன், கடன் தருவது நண்பன், காதலுக்குத் தூது போவது நண்பன். பிறகு போட்டியாளனாவதும் நண்பனே. பணம் சேர்ந்தவனுக்கும் சேராதவனுக்கும் இடையில் விழும் இடைவெளியைக் கோபாலகிருஷ்ணன் சத்தமில்லாமல் எழுதிக் காட்டுகிறார். பங்காளிச் சண்டை பாகப்பிரிவினையில் வெடிக்கும், நண்பர்களின் பிரிவோ வெடிக்காமலே நிகழ்ந்துவிடுகிறது. கூப்பிடுவது குறைகிறது, அவ்வளவே.

அதே ஊரின் இன்னொரு பக்கத்தைச் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998) எழுதியது. நொய்யல் ஆற்றைச் சாயமாக்கிய தொழில், அதை நம்பி வந்த மனிதர்களையும் ஒருவருக்கொருவர் அந்நியராக்கியதை அந்நாவல் பதிவு செய்தது. திருப்பூர் நட்புக்கு வாய்ப்பைக் கொடுத்தது, அது நிலைக்க நேரத்தைக் கொடுக்கவில்லை.

சங்கம் சேர்ந்தால் சொந்தம்

தேடிக்கொண்ட சமூகத்துக்கு அமைப்பு வடிவம் உண்டென்றால் அது தொழிற்சங்கம். கோவையில் முதல் நூற்பாலை 1888இல் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. பல ஊர், பல சாதி மனிதர்கள் ஒரே ஷிப்டில் நின்றார்கள். 1946 ஜனவரி 8 அன்று ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நான்கு ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் கோவைச் சிறையில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையத் தியாகிகள் என்று இன்றும் ஆண்டுதோறும் நினைக்கப்படுபவர்கள் இவர்கள். வெவ்வேறு வீடுகளில் பிறந்த நால்வரின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல ஊரைப் பழக்கியது சங்கம்.

இந்த உலகை நாவலுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் நாமக்கல் வட்டாரத்து கு. சின்னப்பபாரதி (1935–2022). 'தாகம்' (1975) நிலத்தை இழந்து கூலியாகும் குடியானவனின் கதை. 'சங்கம்' (1985) கொல்லிமலைப் பழங்குடிகள் வியாபாரிகளுக்கும் வட்டிக்காரர்களுக்கும் எதிராக ஒன்றுசேரும் கதை. 'சர்க்கரை' (1991) ஆலைத் தொழிலாளர் போராட்டம். தொ.மு.சி. ரகுநாதன் தமிழில் தந்த கார்க்கியின் 'தாய்' இந்தத் தலைமுறைக்குப் பாடப்புத்தகம் போல இருந்தது. மகனின் தோழர்கள் அனைவருக்கும் தாயாகிவிடும் பெலகேயா நீலவ்னாவின் நிழல் தமிழின் முற்போக்கு நாவல்கள் பலவற்றில் விழுந்திருக்கிறது.

சின்னப்பபாரதியின் நாவல்களில் தோழமைக்கு வெப்பம் உண்டு, நம்பிக்கை உண்டு. குறை என்னவென்றால் அங்கே சங்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சங்கத்துக்குள் சாதி என்ன செய்தது, தலைவருக்கும் தொண்டருக்கும் இடையே என்ன நடந்தது, கூட்டம் முடிந்து வீடு திரும்பிய தோழர் மனைவியிடம் எப்படி இருந்தார் என்ற கேள்விகள் அங்கே ஓரத்துக்குப் போய்விடுகின்றன. நாகம்மாளின் கூட்டத்தைச் சந்தேகித்த அளவுக்கு நம் முற்போக்கு நாவல் தன் கூட்டத்தைச் சந்தேகிக்கவில்லை.

இரா. முருகவேளின் 'முகிலினி' (2016) அந்த இடைவெளியில் நுழைந்தது. பவானிக்கரையில் சிறுமுகைப் பக்கம் எழுந்து, ஆற்றைக் கெடுத்து, மூடப்பட்ட செயற்கை இழை ஆலை ஒன்றின் வரலாற்றைத் தழுவிய நாவல் இது. ஆலைத் தொழிலாளிக்கு ஆலை சோறு போட்டது. ஆற்றங்கரை விவசாயிக்கு அதே ஆலை நஞ்சைக் கொடுத்தது. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். தோழமையின் எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்வியை ஒரு தரப்பைக் கெட்டவராக்காமல் இந்நாவல் எழுப்புகிறது. அவரே மொழிபெயர்த்த பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' வால்பாறை எஸ்டேட்டுகளின் கதை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரிகள் ஆசைகாட்டி அழைத்துவந்த கருப்பனும் வள்ளியும் லைன் வீட்டில் முன்பின் அறியாதவர்களோடு அடைக்கப்படுகிறார்கள். அட்டைக்கடியும் காய்ச்சலும் சாவும் பொதுவாகும்போது பக்கத்து அறை உறவாகிறது. ஊருக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு அதுதான் ஊர். டேனியல் ஆனைமலையில் மருத்துவராகப் பணியாற்றியவர், தொழிலாளர் சங்கத்தையும் கட்டியவர். அவர் எழுதியது நேரில் கண்ட வாழ்க்கை.

பெண்கள் கட்டிய வீடு

'மாதொருபாகன்' (2010) குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. அதற்குப் பெருமாள்முருகன் எழுதிய இரு தொடர்ச்சிகளில் ஒன்றான 'ஆலவாயன்' (2014) நம் பொருளுக்கு முக்கியம். அதில் காளி இறந்துவிடுகிறான். கருவுற்றிருக்கும் பொன்னாவை அவள் தாயும் மாமியார் சீராயியும் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஆண் இல்லாத அந்த வீட்டில் மூன்று பெண்கள் உழுகிறார்கள், ஆடு மாடு பார்க்கிறார்கள், ஊர்ப்பேச்சுக்கு முகம் கொடுக்கிறார்கள். சம்பிரதாயப்படி சீராயிக்குப் பொன்னா மீது கோபம் வர வேண்டும், மகன் போனதற்குக் காரணம் அவள்தான் என்று ஊர் சொல்லும். அவள் அந்தக் கோபத்தை எடுக்காமல் மருமகளை எடுத்துக்கொள்கிறாள். முறையால் கிடைத்த உறவை மீண்டும் ஒருமுறை விரும்பித் தேர்ந்துகொள்ளும் இந்தச் செயலே கொங்கு நாவல் காட்டும் தேர்ந்த குடும்பங்களில் மிக உறுதியானது என்று எண்ணுகிறேன்.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2020) இதற்கு நெருங்கியது. குடிநாவிதர் குடும்பங்களின் கதை. ஊருக்கெல்லாம் தொழில் செய்தும் ஊரில் பங்கில்லாதவர்கள் அவர்கள். மனைவி பிரிந்து போன காரு மாமாவின் சாவுக்குச் சிதறிக் கிடந்த சொந்தங்கள் வந்து சேர்கின்றன. பழைய துரோகங்கள் நினைவுக்கு வந்து, பேசப்பட்டு, கரைகின்றன. நிலமில்லாதவர்களுக்குப் பங்கிடச் சொத்தில்லை, அதனால் அவர்களுடைய சண்டை மன்னிப்பில் முடிய இடமிருக்கிறது. நிலமுள்ள நாகம்மாள் வீட்டுக்கும் நிலமற்ற காரு மாமா வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இந்நாவலுக்கு 2023ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பிறந்த வீடே மறுக்கும்போது என்ன செய்வது என்பதற்கு நாவல் தராத விடையை ஒரு தன்வரலாறு தந்தது. நாமக்கல் பகுதியில் பிறந்த ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) திருநங்கையின் வாழ்க்கையைத் திருநங்கையே எழுதிய நூல். வீட்டை விட்டு டெல்லிக்கும் மும்பைக்கும் சென்ற அவருக்குக் குரு, நானி, சேலா என்ற முழு உறவுமுறை கிடைக்கிறது. அங்கேயும் சடங்கு உண்டு, மரியாதை உண்டு, தண்டனை உண்டு, சுரண்டலும் உண்டு. ரேவதி ஒன்றையும் மறைக்கவில்லை. அதேசமயம் பிறந்த வீட்டையும் அவர் விடவில்லை. அடித்த அண்ணன்மாரிடமே திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்கிறார். தேடிய குடும்பம் கிடைத்துவிட்டால் பிறந்த குடும்பத்தின் கணக்கு முடிந்துவிடும் என்ற எளிய சூத்திரத்தை இந்த நூல் உடைக்கிறது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) இந்த உலகை வெளியிலிருந்து பரிவோடு எழுதியது. 'வெள்ளை மொழி' உள்ளிருந்து எழுதப்பட்டது என்பதால் அதில் பரிவைவிடக் கணக்குத் தீர்ப்பதே அதிகம்.

காதலும் ஊரும்

தேர்ந்துகொள்ளும் உறவுகளில் காதலே முதன்மையானது என்பார்கள். கொங்கு நாவலில் அதுவே அதிகம் தோற்கிறது. 'பூக்குழி'யில் (2013) வேறு சாதிப் பெண் சரோஜாவை மணந்து ஊருக்குக் கூட்டிவருகிறான் குமரேசன். தாய் மாராயியின் ஒப்பாரி வீட்டுக்குள்ளிருந்தே அவர்களைச் சபிக்கிறது. ஊர் அவர்களை ஒதுக்குகிறது. கடைசியில் முட்புதருக்குத் தீ வைக்கப்படுகிறது. சாதி கடந்து மணந்து இறந்துபோன தருமபுரி இளவரசனுக்கு இந்நாவல் காணிக்கையாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 2023ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

இந்நாவலில் வாசகரை உலுக்குவது ஊரின் கொடூரம் என்பார்கள். அதற்கு இணையானது தம்பதியரின் தனிமை. அவர்களுக்கு ஒரு நண்பர் கூட்டம், ஒரு சங்கம், ஒரு வாடகை வீட்டுத் தெரு இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். இருவர் மட்டும் தேர்ந்துகொள்வது குடும்பமாக நிலைக்கப் போதாது, சுற்றிலும் ஒரு சமூகம் தேவை. 'கங்கணம்' (2007) மறுபக்கத்தைக் காட்டுகிறது. பெண் குழந்தைகளைப் பிறக்கவிடாமல் செய்த சமூகத்தில், நிலமும் சொத்தும் இருந்தும் முப்பத்தைந்து வயதுவரை மணப்பெண் கிடைக்காமல் அலைகிறான் மாரிமுத்து. கூட்டத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நினைத்த ஏற்பாடு தன் பிள்ளைகளையே தனியராக்கிவிட்டது.

பழனி அடிவாரம்

கொங்கின் தென்னெல்லையான பழனிக்கு ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) வருகிறது. உடல்குறையுள்ளவர்களை உருப்படிகள் என்று வாங்கி விற்றுப் பிச்சையெடுக்க வைக்கும் போத்திவேலுப் பண்டாரம், அவர்களைத் தைப்பூசத்துக்குக் கொண்டுவந்து இறக்குகிறார். முத்தம்மை, ராமப்பன், குய்யன், மாங்காண்டிச் சாமி ஆகிய இவர்கள் எதையும் தேர்ந்துகொண்டவர்கள் இல்லை. விலைக்கு வந்தவர்கள். இருந்தும் ஒருவர் பசியை ஒருவர் அறிகிறார்கள், கேலி செய்து சிரிக்கிறார்கள், குழந்தையைப் பொதுவில் கொஞ்சுகிறார்கள்.

நாவலின் கூர்மை பண்டாரத்தின் பாத்திரத்தில் இருக்கிறது. அவர் மிக நல்ல தகப்பன். மகள்களின் கல்யாணத்துக்காக மாடாய் உழைக்கிறார். அந்த உழைப்பு என்பது முத்தம்மையின் குழந்தையை விற்பதும் சேர்த்துத்தான். இரத்தக் குடும்பத்தின் பாசம் எதன் மேல் நிற்கிறது என்று தமிழில் இவ்வளவு நேராகக் கேட்ட நாவல் வேறில்லை. கூளையனின் பண்ணையக்காரரும் தன் பிள்ளைக்கு நல்ல தகப்பனே என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

எழுதப்படாதவர்கள்

இத்தனை நாவல்களையும் தொகுத்துப் பார்க்கையில் சில முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று, நிலம் இருக்கும் இடத்தில் தேடிக்கொண்ட உறவு தோற்கிறது அல்லது கீழ்ப்படிகிறது. நிலம் இல்லாத இடத்தில் அது மூச்சு விடுகிறது. இரண்டு, தொழில் கூட்டிய உறவைத் தொழிலே கலைக்கிறது, அதை அமைப்பாக்கியபோது மட்டும் சில காலம் நின்றது. மூன்று, ஆண்களின் கூட்டங்கள் பெரும்பாலும் இளமையோடு முடிகின்றன. பெண்கள் கட்டியவை துயரத்துக்குப் பின் தொடங்கி நீண்டு நிற்கின்றன.

இந்த வரைபடத்தில் வெற்றிடங்களும் உண்டு. பண்ணையத்துப் பிள்ளைகளை எழுதிய பெருமாள்முருகன் நிலவுடைமைச் சாதியிலிருந்து வந்தவர். அந்தப் பிள்ளைகளின் வளவிலிருந்து வந்த குரல் மதிவண்ணன் போன்றவர்களின் கவிதையிலும் கட்டுரையிலும் கேட்கிறது, நாவலில் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். நூற்பாலை விடுதிகளில், கல்யாணச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தின் பெயரால் அடைபட்டு, ஒரே அறையில் பலராக இளமையைக் கழித்த பெண்கள் தங்களுக்குள் அக்கா தங்கையானார்கள். அவர்களுடைய பெருநாவல் வரவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூர் காம்பவுண்டு வீடுகளில் தங்கியிருப்பவர்கள் நம் நாவலில் பின்னணிக் கூட்டமாக மட்டுமே தெரிகிறார்கள். 1980களில் தென் மாவட்டத்தாருக்கு இருந்த இடம் இன்று அவர்களுக்கு.

ஏன் வரவில்லை என்பதற்கு எழுத்தாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூட்டத்தின் கௌரவம் எழுத்தை என்ன செய்யும் என்பதை 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் பார்த்தோம். 'மாதொருபாகன்' எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது, சமாதானக் கூட்டத்துக்குப் பின் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்தார். சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஒன்றரை ஆண்டில் முகமறியாத வாசகர்கள் அவருக்காகக் கூடினார்கள். சொந்த ஊர் கைவிட்ட ஓர் எழுத்தாளருக்குக் கிடைத்த அயலார் கூட்டம் அது. நாவல்கள் நம்ப மறுத்த ஒன்றை வாசகர்கள் கொஞ்சம் செய்து காட்டினார்கள்.

ஆறுதல் தேடி இந்த நாவல்களைப் படிப்பவர் ஏமாறுவார். உறவு எவ்வளவு விலைக்குக் கிடைக்கிறது, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அறிய விரும்புபவருக்கு இவை போல வேறில்லை. தொடங்க விரும்புவோர் 'நாகம்மாள்', 'கூளமாதாரி', 'ஆலவாயன்' மூன்றையும் இதே வரிசையில் படிக்கட்டும். கோவை, திருப்பூரில் இருந்துகொண்டு எழுத நினைக்கும் இளையவர்கள் மில் விடுதிக்கும் காம்பவுண்டு வீட்டுக்கும் ஒருமுறை போய் உட்காரட்டும். அடுத்த கொங்கு நாவல் அங்கேதான் காத்திருக்கிறது.